அம்மாவின் இடுப்புச் சாவி

அத்தியாயம் 9

அம்மா கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"தொலைஞ்ச சாவி உன் கைக்கு எப்படி வந்துச்சு, ஷாமளா?"

வெள்ளிக்கிழமை மாலை கேட்டது. சத்தம் போட்டுக்கூடக் கேட்கவில்லை. தையல் அறையில் நின்றுகொண்டு, இரும்பு அலமாரியின் பூட்டைப் பார்த்தபடி கேட்டாள். பூட்டில் ஒரு சாவி சிக்கி நின்றது. திரும்பவும் இல்லை, வெளியே வரவும் இல்லை.

ஷாமளா அண்ணி பதில் சொல்லவில்லை. மாடிக்குப் போய்ப் பையில் துணிகளை அடுக்கினாள்.

சனிக்கிழமை காலை மகள் லோஷினி, வேலை பார்க்கும் தெப்ராவிலிருந்து பஸ்ஸில் பத்து பாகாட் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது, அந்தப் பை படிக்கட்டின் கீழ்ப்படியில் இருந்தது.

கேட்டைத் திறந்துவிட அண்ணிதான் வந்தாள். கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் சாவியோடு, செருப்புகூடப் போடாமல்.

"சாப்ட்டியா லோஷி?"

"இல்ல அண்ணி. பஸ்ல நல்லாத் தூங்கிட்டேன்."

"தோசை இருக்கு. சட்னி ஃப்ரிட்ஜ்ல இருக்கு." அண்ணி கேட்டைச் சாத்தினாள். "நாலு மணிக்கு என் தம்பி காரை எடுத்துட்டு வர்றான். நான் சிம்பாங் ரெங்கம் போறேன், எங்க வீட்டுக்கு."

"எத்தனை நாளைக்கு?"

அண்ணி பூட்டை அமுக்கினாள். சாவியை நிமிர்த்தி உருவினாள்.

"தெரியல."

பையைக் கட்டியாகிவிட்டது. ஆனாலும் அவள் போய் மிஷினில்தான் உட்கார்ந்தாள். தீபாவளிக்கு ஐந்து நாள் இருந்தது. மூன்று பிளவுஸுக்குக் கொக்கி வைக்க வேண்டும். வேலையைப் பாதியில் விட்டுப் போனாள் என்று ஒரு சொல் வந்துவிடக் கூடாது என்று நினைத்திருப்பாள் போல.

லோஷினி தோசையைத் தட்டில் வைத்துக்கொண்டு அம்மாவின் அறைக்குப் போனாள். அம்மா கதவைச் சாத்தினாள்.

"அவ கட்டை விரலைப் பார்த்தியா?"

"இல்லையே."

"பிளாஸ்டர் போட்டிருக்கா. ஊசி குத்திருச்சாம். ஆறு வருஷமா மிஷின்ல உக்கார்றவளுக்கு இந்த வாரம் பார்த்து ஊசி குத்துதாம்."

"தீபாவளி நேரம்மா. குத்தும்தான்."

"நீ அவ பக்கம் பேசாதே. எனக்குக் கண்ணு இருக்கு."

லோஷினிக்கும் கண் இருந்தது. அண்ணி ஏன் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை? எடுக்காதவள் எடுக்கவில்லை என்று சொல்ல வேண்டியதுதானே. அம்மா நேற்றே போனில் சொல்லியிருந்தாள்; பஸ்ஸில் தூங்கியதாக லோஷினி சொன்னது பொய். பஸ் ஆயர் ஹீத்தாம் தாண்டும்வரை அவள் இதையேதான் நினைத்துக்கொண்டு வந்தாள்.

அலமாரியின் கதை வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதன் சொந்தப் பூட்டு கெட்டுப் பல வருடமாயிற்று. அப்பா இரண்டு வளையம் வைத்துப் பற்றவைத்து, ஒரு தொங்கு பூட்டு மாட்டினார். அதே கடையில் அதே நாளில் வாங்கிய இன்னொரு பூட்டு முன் கேட்டில் தொங்குகிறது. அலமாரிப் பூட்டின் இரண்டு சாவிகளில் ஒன்று அப்பா இருந்தபோதே தொலைந்தது. மற்றது அம்மாவின் இடுப்பில், ஊக்கில். குளிக்கும்போதும் ஊக்கு இடுப்பில்தான்.

அப்பா ராஜசேகரன் போன வருடம் இறந்தார். அலமாரியில் அம்மாவின் நகைகளும், வீட்டு உரிமைப் பத்திரமான கிராண்டும் இருந்தன. நகை எடுக்கத் தீபாவளிக்கு முன்பு ஒரு முறை திறப்பாள். மற்ற நாட்களில் அதன் முன்னால் தைத்த துணிகள் கம்பியில் தொங்கும். பூட்டே கண்ணில் படாது.

வெள்ளிக்கிழமை அம்மா துணிகளை ஒதுக்கினாள். பூட்டில் யாரோ விட்டுப்போன சாவி. அம்மாவின் சாவி அம்மாவின் இடுப்பில். அப்படியென்றால் இது தொலைந்த சாவி. அல்லது கடையில் கொடுத்து வெட்டிய கள்ளச் சாவி. அந்த அறையில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவள் ஒருத்திதான்.

"அலமாரிக்குள்ள என்ன இருக்கோ இல்லையோ, தெரியல" என்றாள் அம்மா. "திறக்கவும் முடியல. துணியைச் சுத்தி இழுத்தேன். தேங்காய் எண்ணெய் விட்டேன்."

"அலமாக்! ஐயோ, எண்ணெய் விட்டீங்களா?"

"ஏன், விடக் கூடாதா? கெமிஸ்ட்ரி படிச்சவங்களைக் கேட்டுத்தான் விடணுமா?"

போன் அடித்தது. அண்ணன் வசந்தன், சிங்கப்பூரிலிருந்து. அம்மா ஸ்பீக்கரில் போட்டாள்.

"மா, லோஷி வந்துட்டாளா? அதை நோண்ட வேணாம்னு சொல்லுங்க. சாவி உள்ள உடைஞ்சா இன்னும் மோசம். நான் கட்டர் வாங்கிட்டேன். புதுப் பூட்டும் வாங்கிட்டேன். நாலு மணிக்கு வந்து வெட்டிடறேன்."

"அண்ணே, வெட்டிட்டா அது யாரோட சாவின்னு எப்படித் தெரியும்?"

"தெரிஞ்சு என்ன பண்ணப் போறே? கோர்ட்டுக்குப் போகப் போறியா? வீட்டு விஷயம் லா. பெருசு பண்ணாதே."

"அண்ணி பையைக் கட்டிட்டாங்க. அதுவும் வீட்டு விஷயம்தானே?"

அண்ணன் சொன்னான். "அவளை இருக்கச் சொல்லு. நான் வந்து பேசிக்கிறேன்."

அம்மா போனை வைத்தாள். "பாரு, அவனுக்கு எவ்வளவு பெருந்தன்மை. பொண்டாட்டி செஞ்சதை மூடி மறைக்கப் பார்க்கிறான்."

லோஷினி தட்டைக் கழுவி வைத்துவிட்டுத் தையல் அறைக்குப் போனாள். தொங்கிய பிளவுஸ்களை ஒரு பக்கம் தள்ளினாள். பூட்டின் மேல் எண்ணெய் வழிந்து காய்ந்திருந்தது. ஏதோ ஒரு மணமும் இருந்தது. தேங்காய் எண்ணெய் மட்டும் இல்லை.

"அண்ணி, இதை உடையாம வெளிய எடுக்கப் போறேன். முழுசா எடுத்தாத்தான் தொலைஞ்ச சாவியா, புதுசா வெட்டினதான்னு தெரியும். புதுசா இருந்தா எந்தக் கடையில வெட்டினாங்கன்னு கேட்டுக்கலாம்."

அண்ணியின் கை பிளவுஸில் நின்றது.

"வேணாம் லோஷி. அவர் வந்து வெட்டட்டும்."

"ஏன்?"

"வேணாம்னா விடேன்."

இதைத்தான் லோஷினி எதிர்பார்க்கவில்லை. கோபப்பட்டிருந்தால் புரிந்திருக்கும். அழுதிருந்தாலும் புரிந்திருக்கும். அண்ணி தலையைக் குனிந்து அடுத்த கொக்கியை எடுத்தாள்.

அப்படியானால் அம்மா சொன்னது சரியோ?

லோஷினி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

முதலில் எதையும் திருப்பக் கூடாது. அதை மட்டும் முடிவு செய்துகொண்டாள். திருப்பினால் சாவியின் கழுத்து முறுகும். முறுகினால் உடையும். உடைந்தால் அண்ணன் சொன்ன மாதிரிதான் ஆகும்.

டார்ச்சை அடித்துப் பார்த்தாள். சாவி நேராக நிற்கவில்லை. கொஞ்சம் சாய்ந்திருந்தது. கடிகார முள் பன்னிரண்டில் நிற்க வேண்டியது, ஒன்றில் நிற்கிற மாதிரி.

இரண்டு விரலால் பிடித்து நேராக இழுத்தாள். வரவில்லை. இரண்டு விரலின் பக்கவாட்டிலும் சிவப்பாகக் கோடு விழுந்தது. கட்டை விரல் நுனியில் ஒன்றுமில்லை. சாவியோடு மல்லுக்கட்டினால் காயம் இங்கேதான் விழும். அண்ணிக்குப் பிளாஸ்டர் நுனியில் இருந்தது. ஊசிதான்.

ஆனால் அது எதையும் நிரூபிக்காது.

பென்சிலைச் சீவி, கரித்தூளைச் சாவியின் ஓரத்தில் தடவினாள். பூட்டைச் சாய்த்து, ஒரு ஸ்கேலால் மெதுவாகத் தட்டினாள். மத்தியானமாயிற்று. சாவி அசைந்தது. உள்ளே போய் வந்தது. ஆனால் நிமிரவில்லை.

"வருதா?" அம்மா கதவருகில் நின்றாள்.

"இல்லம்மா."

"நாலு வருஷம் யூனிவர்சிட்டி. மூணு வருஷம் பெயிண்ட் ஃபேக்டரி லேப். ஒரு பூட்டுகிட்ட தோத்துட்டே."

"லேப்ல பூட்டு இல்லம்மா. அங்க எல்லாம் கார்டு."

அண்ணியின் வாய் ஓரம் கொஞ்சம் அசைந்தது. சிரிப்பா என்று பார்ப்பதற்குள் அது போய்விட்டது.

லேபில் ஒன்று சரியாக வரவில்லையென்றால், சரியாக இருக்கும் இன்னொன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். லோஷினி எழுந்தாள். ஆணியில் இருந்த சாவியை எடுத்து, முன் கேட்டுப் பூட்டைக் கழற்றிக்கொண்டு வந்தாள். அதே அளவு. அதே வகை. மேசையில் வைத்தாள்.

பூட்டினாள். சாவி வந்தது. திறந்தாள். சாவியை இழுத்தாள்.

வரவில்லை.

மறுபடி இழுத்தாள். திறந்திருக்கும்போது இந்தப் பூட்டு சாவியை விடாது. பூட்டின் வளைந்த கம்பியை முழுதாக அமுக்கி, சாவியை நிமிர்த்தினால்தான் விடும். தினமும் கேட்டில் செய்கிற காரியம். யாரும் யோசித்ததில்லை.

கம்பி இறங்கும் ஓட்டைக்குள் துணிக்கிழிசல் ஒன்றைத் திணித்து அமுக்கினாள். கம்பி ஒரு மயிரிழை மேலே நின்றது. சாவி பாதிதான் திரும்பியது. சாய்ந்து நின்றது. இழுத்தால் கம்பியும் வரவில்லை, சாவியும் வரவில்லை.

அவள் கேட்டுப் பூட்டையும் அலமாரிப் பூட்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அம்மா" என்றாள். "யாரும் திறக்க முயற்சி பண்ணித் தோக்கல. திறந்திருக்காங்க."

"என்னது?"

"திறந்து, வேலையை முடிச்சு, திரும்பப் பூட்டும்போதுதான் மாட்டிக்கிச்சு. கம்பி முழுசா இறங்கல. அதான் சாவியை விட மாட்டேங்குது. இது சரியா வெட்டாத கள்ளச் சாவி இல்லம்மா. ஒழுங்கா திறக்கிற சாவி."

அம்மா துணி வெட்டும் மேசையருகே வந்து பூட்டைக் குனிந்து பார்த்தாள். அண்ணி மிஷினிலிருந்து எழுந்திருக்கவில்லை. ஆனால் கொக்கி வைப்பதை நிறுத்தியிருந்தாள்.

எது தடுக்கிறது? லோஷினி குண்டூசியின் நுனியைக் கம்பியின் ஓரத்தில் விட்டுச் சுரண்டினாள். ஊசி முனையில் ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது. மஞ்சளாக, எண்ணெயில் ஊறி, பிசுபிசுப்பாக. மூக்கருகே கொண்டுபோனாள்.

சந்தனம்.

ஆயுத பூஜை அன்று வைத்தது. மிஷின்கள், கத்தரிகள், ஸ்கேல், மோட்டார், அலமாரி, பூட்டு என்று எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும். பூட்டின் தலையில், கம்பி இறங்கும் இடத்திலேயே, தாராளமாக அப்பியிருந்தார்கள். காய்ந்து கம்பியைச் சுற்றி ஒரு வளையம்போல நின்றிருக்கும். பூட்டைத் திறந்தவுடன் அது நொறுங்கி ஓட்டைக்குள் விழுந்திருக்கிறது. அதன் மேல் கம்பியை வைத்து அமுக்கினால் எப்படி இறங்கும்? அம்மாவின் எண்ணெய் பிறகு அதைப் பசையாக்கிவிட்டது.

ஆக, பூஜைக்குப் பிறகுதான் திறந்திருக்கிறார்கள். இந்த இரண்டு வாரத்துக்குள்.

"அப்பாவோட ஊசி மீதி இருக்காம்மா? இன்சுலின் போடுறது? ஸ்பிரிட்டும் வேணும்."

"மருந்து டப்பாவைத் தூக்கிப் போடவே இல்ல" என்றாள் அம்மா. போய் எடுத்து வந்தாள்.

லோஷினி சின்ன ஊசியில் ஸ்பிரிட்டை இழுத்து, கம்பியின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விட்டாள். பூட்டைச் சாய்த்தாள். கீழே விரித்திருந்த டிஷ்யூவில் மஞ்சள் தண்ணீர் இறங்கியது. மறுபடி விட்டாள். சுரண்டினாள். சாய்த்தாள். ஆறாவது முறை தண்ணீர் தெளிவாக வந்தது. அறை முழுக்கச் சந்தன வாசனை. பூஜை அன்று இருந்த மாதிரியே.

சுவர்க் கடிகாரத்தில் மூன்று பத்து.

காயட்டும் என்று பத்து நிமிடம் காத்திருந்தாள். அண்ணியின் போன் ஒரு முறை மின்னியது. அவள் எடுத்துப் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தாள்.

லோஷினி கம்பியின் மேல் துணியை மடித்து வைத்தாள். இடது கையால் கீழே அமுக்கினாள். வலது கையால் சாவியைத் தொட்டாள். திருப்பவில்லை, தொட்டாள்.

டக்.

சாவி தானாகவே நிமிர்ந்தது போல் இருந்தது. நேராக இழுத்தாள். வந்துவிட்டது.

முழுதாக. ஒரு பல்கூட வளையாமல்.

அம்மா கையை நீட்டினாள். லோஷினி கொடுத்தாள். எண்ணெயும் பென்சில் கரியும் படிந்த பித்தளைச் சாவி. அம்மா அதைப் பார்க்கவில்லை. கட்டை விரலால் தலையில் இருக்கும் ஓட்டையைத் தடவினாள். துணியின் நெசவைத் தடவிப் பார்ப்பாளே, அந்த மாதிரி. வெள்ளிக்கிழமை துணி சுற்றி இழுத்தபோது அந்த விரலுக்குத் தெரியாதது இப்போது தெரிந்தது.

"இந்த ஓட்டை ஒரு பக்கம் தேஞ்சிருக்கு."

"ஆமா."

"ஊக்கு உரசி உரசித் தேஞ்சது." அம்மாவின் குரல் இறங்கியது. "இது என் சாவிடி."

"அப்ப உங்க இடுப்புல இருக்கிறது?"

அம்மா ஊக்கைக் கழற்றினாள். அதில் இருந்த சாவியின் மேல் பூஜைச் சந்தனம் இன்னும் காய்ந்து ஒட்டியிருந்தது. சாமிக்கு வைத்த பொட்டை அம்மா துடைக்க மாட்டாள். லோஷினி அதை வாங்கி அலமாரிப் பூட்டில் நுழைத்தாள். பாதிகூடப் போகவில்லை.

அம்மா இரண்டு வாரமாக வேறு சாவியை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்திருக்கிறாள்.

"ஊக்கை எப்பம்மா கழட்டினீங்க?"

"கழட்டவே மாட்டேன். பூஜை அன்னிக்கு மட்டும்தான். சாவி எல்லாத்தையும் கழுவி ஒரே தட்டுல வச்சது."

"நான் அன்னிக்கு ஷிஃப்ட். ராத்திரிதான் வந்தேன்." லோஷினி நிறுத்தினாள். அடுத்ததைக் கேட்க அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் கேட்டாக வேண்டும். "தட்டுகிட்ட யாரெல்லாம் இருந்தீங்க?"

அம்மா மிஷின் பக்கம் திரும்பினாள். அண்ணி அவளை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் முறையாக.

"அவ இல்ல" என்றாள் அம்மா. வார்த்தை சிரமப்பட்டு வந்தது. "அன்னிக்கு அவ தூரம். கீழேயே வரக் கூடாதுன்னு சொல்லிட்டேன். மூணு நாளும் மாடியிலதான் இருந்தா. சாப்பாடுகூட நான்தான் படிக்கட்டுல வச்சேன்."

அண்ணி கையிலிருந்த பிளவுஸை மடித்து வைத்தாள்.

"சாமிக்கு ஆகாதுன்னு நான்தானே மேல அனுப்பினேன்" என்று அம்மா மறுபடி சொன்னாள். யாருக்கும் இல்லாமல், தனக்கே.

"பொட்டு வச்சது யாரு?" என்றாள் லோஷினி. பதில் அவளுக்குத் தெரியும். அப்பா போன பிறகு வந்த முதல் பூஜை. மூத்த மகன்தான் வைக்க வேண்டும்.

"வசந்தன்தான்" என்றாள் அம்மா.

லோஷினி சந்தனம் ஒட்டிய சாவியை எடுத்து, மேசையில் கிடந்த கேட்டுப் பூட்டில் நுழைத்தாள். வழுக்கிக்கொண்டு போனது. திருப்பினாள். திறந்தது.

கேட்டுப் பூட்டுக்கு இரண்டே சாவி. ஒன்று ஆணியில். மற்றது அண்ணனின் கார்ச் சாவிக் கொத்தில் இருந்தது; பூஜைத் தட்டில் அம்மாவின் சாவியோடு மாறியது அதுதான்.

"அதனாலதான்..." என்று ஆரம்பித்து அம்மா நிறுத்தினாள்.

இரண்டு வாரமாக அண்ணன் கேட் முன்னால் வந்து ஹார்ன் அடிக்கிறான். முன்பெல்லாம் அவனே இறங்கித் திறப்பான். போன முறை பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். சிங்கப்பூர்ச் சம்பளம் வந்ததும் இறங்கித் திறக்கக்கூட முடியவில்லை என்று அம்மாதான் கேலி செய்தாள்.

"செவ்வாய்க்கிழமை லீவுன்னு திடீர்னு வந்தாரு இல்ல" என்றாள் அண்ணி. "புதன் விடியக்காலை தையல் ரூம்ல லைட் எரிஞ்சுச்சு. மாடியிலேர்ந்து பார்த்தேன். ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் கேட் திறக்க என்னை எழுப்பினாரு. உங்க சாவி எங்கன்னு கேட்டேன். வேலை எடத்துல வச்சிட்டேன்னாரு."

"ஏன் நீ இதை நேத்தே சொல்லல?" அம்மா கேட்டாள்.

"சொன்னா நம்பியிருப்பீங்களா, அத்தை?"

காலையில் தோசை சாப்பிட்டுக்கொண்டே அண்ணியின் விரலைப் பற்றிப் பேசியது லோஷினிக்கு நினைவு வந்தது.

அம்மா தன் சாவியால் அலமாரியைத் திறந்தாள்.

நகைப் பெட்டி இருந்தது. எல்லாம் இருந்தன. அப்பாவின் கடிகாரம் இருந்தது. கீழ்த்தட்டில் நீளமான காக்கிக் கவர் வழக்கமான இடத்தில் இருந்தது. அம்மா அதைத் திறந்து கிராண்டை உருவினாள். மூச்சு விட்டாள்.

"இருக்கு. இங்க பாரு, உங்கப்பா டீ கொட்டின கறைகூட அப்படியே இருக்கு."

ஓரத்தில் பழுப்பாக ஒரு கறை. அப்பா கிராண்டை வாங்கி வந்த அன்றே அதன் மேல் டீயைக் கொட்டினார். இருபது வருடமாக வீட்டில் சொல்லிச் சிரிக்கிற கதை.

அம்மாவின் விரல் பழக்கத்தில் கறையின் மேல் போனது. போய் நின்றது. திரும்பி வந்தது.

"லோஷி."

"என்னம்மா?"

"டீ பட்ட இடம் சுருங்கிச் சுருங்கி இருக்கும். கை வச்சா தெரியும். இது வழவழன்னு இருக்கே."

லோஷினி தாளை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். சாய்த்துப் பார்த்தாள். முத்திரை இருந்தது. ஆனால் தாள் எங்கும் மேடு பள்ளம் இல்லை. கறையும் முத்திரையும் கையெழுத்தும் ஒரே மாதிரி தட்டையாக, ஒரே மாதிரி மினுமினுப்பாக இருந்தன.

"கலர் காப்பிம்மா."

அம்மா தாளைத் திரும்ப வாங்கவில்லை. தையல் அறையை விட்டு வெளியே போனாள். படிக்கட்டின் கீழ்ப்படியில் இருந்த பையைத் தூக்கினாள். முட்டி வலிக்காரி. இரண்டாவது படியில் வைத்தாள். மூச்சு வாங்கினாள். மூன்றாவது படியில் வைத்தாள்.

அண்ணி ஓடிப்போய்ப் பையைப் பிடித்தாள். "விடுங்க அத்தை. கால் வலி வந்துரும்."

"நான் கேட்டிருக்கக் கூடாது, ஷாமளா."

அண்ணி பையை வாங்கிக்கொண்டாள். மேலேயும் கொண்டு போகவில்லை, கீழேயும் இறக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு போனை எடுத்துத் தம்பியை அழைத்தாள்.

"ரூபன், எங்க இருக்கே? யோங் பெங்கா? அங்கயே எங்கயாச்சும் டீ குடி. வரணுமா வேணாமான்னு அப்புறம் சொல்றேன்."

லோஷினி கேட்டுப் பூட்டை எடுத்துக்கொண்டு போய் வெளியே பழையபடி மாட்டினாள். அமுக்கினாள், நிமிர்த்தினாள், உருவினாள். சந்தனம் ஒட்டிய சாவியைக் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்தாள். அம்மா அதை வாங்கி மறுபடி ஊக்கில் கோத்து இடுப்பில் குத்திக்கொண்டாள்.

"அது எதுக்கும்மா இப்ப?"

அம்மா முந்தானையை இழுத்து அதை மூடினாள்.

நான்கு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வெளியே ஹார்ன் கேட்டது. இரண்டு முறை.

அண்ணி பையைப் படியில் வைத்துவிட்டு, பழக்கத்தில் ஆணியைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"அது இருக்கட்டும்" என்றாள் அம்மா.

அவளே போனாள். லோஷினி வாசலில் நின்று பார்த்தாள். அண்ணி அவள் தோளுக்குப் பின்னால் நின்றாள்.

அண்ணன் கார்க் கண்ணாடியை இறக்கியிருந்தான். பக்கத்து சீட்டில் சிவப்புப் பிடி போட்ட பெரிய கட்டர். அதன் மேல் பிரிக்காத புதுப் பூட்டு.

"ஏன் மா நீங்க வந்தீங்க? ஷாமளா போயிட்டாளா?"

அம்மா கேட் கம்பிகளுக்கு அந்தப் பக்கம் நின்ற மகனைப் பார்த்தாள். இடுப்பிலிருந்து ஊக்கைக் கழற்றினாள். சந்தனப் பொட்டு வைத்த சாவியை உருவி, அவன் பார்க்கும்படி மெதுவாகக் கேட்டுப் பூட்டில் நுழைத்தாள்.

திருப்பினாள். பூட்டு வாயைத் திறந்தது.

அண்ணனின் பார்வை சாவியில் நின்றது. கை தன்னிச்சையாகப் போய் எஞ்சினை அணைத்தது.

"உன் சாவி நல்லாத்தான் வேலை செய்யுது, தம்பி" என்றாள் அம்மா. "என் கிராண்ட் எங்க?"

திறந்த பூட்டு சாவியை விடாது. அது அங்கேயே நின்றது, இருவருக்கும் நடுவில்.

அம்மா இன்னும் கேட்டைத் திறக்கவில்லை.